பெனிற்றாவின் ராசாக்கள்

லண்டன் மோர்டனில், பெனிற்றாவின் வீட்டு மேல் மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அந்த அறைக்குள்தான் அவள் தன் எதிரிகளை வைத்திருந்தாள். ஆட்களையே பிடித்து அடைத்து வைத்திருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். முடிந்திருந்தால் அதையும் செய்திருப்பாள். அவள் வைத்திருந்தது வெறும் போத்தல்கள். சம்பேன் வந்த, பென்னம்பெரிய, கடைத் தட்டில் நிற்க மாட்டாத போத்தல்கள்.

இதைக் கேட்டதும் யாருடைய கண்ணும் முதலில் அவள் புருசன் பக்கம்தான் திரும்பும். பாவம், செபமாலைமுத்து கலியாண வீடுகளில்கூட ஒரேஞ்ச் ஜூஸோடு ஒதுங்கி நிற்கிற மனிதர். விரலை வாய்க்குள் வைத்தாலும் கடிக்கத் தெரியாது. வீட்டில் கடிக்கிற வேலை முழுவதையும் பெனிற்றாவே பார்த்துக்கொண்டாள்.

அகதியாக வந்து இறங்கிய காலத்திலிருந்து அவளுக்கு வேலை ஹைட் பார்க் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில். விருந்து மண்டபப் பகுதி. பணக்காரர்கள் தின்று குடித்து எழும்பிப் போன பிறகு மேசைகளை ஒதுக்குவது, கிளாஸ்களைத் துடைத்து மினுக்குவது, மிச்சத்தைக் கொட்டுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேசை நடுவே வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு பெரிய போத்தல் ஒன்று நின்றது. அதன் பெயர் எரொபவாம் என்று தலைமை வெயிட்டரான போர்த்துக்கல்காரர் சொன்னார். பெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எரொபவாம் பைபிளில் வருகிற ராசா. யாழ்ப்பாணம் குருநகர் மறைக்கல்வி வகுப்பில் அந்த ராசாக்களின் பெயர்களைப் பாடமாக்க முடியாமல் சிஸ்டரிடம் அடி வாங்கியவள் அவள்.

பெரிய போத்தல்களுக்கெல்லாம் அப்படித்தான் பெயர் என்பது போகப் போகத் தெரிந்தது. நாலு போத்தல் கொள்வது எரொபவாம். ஆறு கொண்டால் ரெகபெயாம். பன்னிரண்டு கொண்டால் சல்மனேசர். இருபது கொண்டால் நெபுகத்னேசர். யார் வைத்த பெயர், ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் போர்த்துக்கல்காரர் தோளைக் குலுக்கினார். பெனிற்றா கவனித்தது வேறொன்று. இந்த ராசாக்களில் ஒருத்தனும் யோக்கியன் இல்லை. எல்லாரும் தலைக்கனம் பிடித்து ஆடினவர்கள். ஒருத்தனுக்குக் கை விறைத்துப் போனது. ஒருத்தனிடமிருந்து பாதிக்கு மேல் சனம் பிரிந்து போனது. நெபுகத்னேசர் மாடு மாதிரிப் புல் தின்றான். அவளுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

அப்போது அவளுக்குச் சூப்பர்வைசராக இருந்தவன் கிருஷ்ணராசா. நம்மவன்தான், அதுதான் அவளுக்குக் கொதி. கௌசி வயிற்றில் இருந்தபோது கால் இரண்டும் பூசணிக்காயாய் வீங்கி, கொஞ்ச நேரம் இருந்து வேலை செய்யலாமா என்று கேட்டவளிடம், எல்லாருக்கும் முன்னால், "ஏலாட்டி வீட்டில இருந்து பெனிபிட் காசு எடுக்கலாமே, ஏன் இஞ்ச வந்து உயிரை வாங்கிறியள்" என்றான். தமிழில் சொன்னால் போதாதென்று மற்றவர்களுக்கு விளங்க ஆங்கிலத்திலும் சொன்னான். பெனிற்றா மிச்சக் கிளாஸ்களை மினுக்கி முடித்தாள். அன்றைய ஷிப்ட் முடிந்ததும் வெறும் எரொபவாம் ஒன்றைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, கழுவி, யன்னல் ஓரம் வைத்தாள். அதற்குக் கிருஷ்ணராசா என்று பெயர் வைத்தாள்.

தூசு தட்டும்போதெல்லாம் "என்ன கிருஷ்ணராசா அண்ணை, சுகமே?" என்று விசாரிப்பாள். அதன் தலையில் ஈரத் துணியால் ஒன்று போடுவாள். கௌசி பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு, ஹோட்டல் சாமான்களைப் பின்கதவால் விற்றதற்காகக் கிருஷ்ணராசாவை அதே ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்க வெளியே அனுப்பினார்கள். பெனிற்றா வீட்டுக்கு வந்து போத்தலைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, பின்வளவில் வைத்து, சுத்தியலால் அடித்து நொறுக்கி, கவுன்சில் தந்த, கண்ணாடிக் குப்பை போடுகிற பெட்டிக்குள் கொட்டினாள். அந்தச் சத்தம் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது.

ரெகபெயாமாக நின்றவர் செபமாலைமுத்துவின் தமையன். டூட்டிங்கில் தன் வீட்டில் இடம் தந்துவிட்டு, கைக்குழந்தையோடு மாரிக் குளிரில் வெளியே போகச் சொன்னவர். காலம் போய், அவருடைய மகனே அவரை வெளியே போகச் சொன்னபோது ரெகபெயாமும் உடைந்தது.

"அது என்ர அண்ணை எல்லோ," என்றார் செபமாலைமுத்து.

"அதுதான் மெதுவா உடைச்சனான்," என்றாள் பெனிற்றா.

தன் கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை. பெயர் வைத்துவிட்டுக் காத்திருப்பாள், அவ்வளவுதான். ஒருவரைப் பற்றி நீண்ட காலம் காத்திருந்தால் அவருக்கு ஏதாவது நடக்காமலா போய்விடும்? அறையை மட்டும் யாருக்கும் காட்டமாட்டாள். விருந்தாளி வந்தால் கதவு பூட்டு.

அந்த அறைக்குள் வெளியாள் என்று கால் வைத்தது வசந்தமலர் ஒருத்திதான்.

வசந்தமலர் பக்கத்துத் தெரு. புருசன் இறந்த பிறகு மகள் தக்ஷிகாவோடு தனியாக இருந்தாள். மோர்டனில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்துக்கெல்லாம் அவள் சொல் என்றால் ஒரு மதிப்பு. பாட்டுக் குழுவில் பெனிற்றாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். ஒரு மார்கழியில் அவர்கள் வீட்டு ஹீற்றிங் பழுதாகிப் போக, தாயும் மகளும் பெனிற்றா வீட்டில் வந்து தங்கினார்கள். இடம் இல்லாமல் தக்ஷிகாவுக்கு அந்தச் சின்ன அறையில்தான் பாய் போட்டார்கள். வசந்தமலர் போத்தல்களைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, மியூசியமோ?" என்று சிரித்தாள். வேலை இடத்தில் எறிகிறதைச் சும்மா சேர்க்கிறேன் என்று பெனிற்றா சமாளித்துவிட்டாள். கௌசியும் தக்ஷிகாவும் வசந்தமலரின் மடியில் தலையை வைத்துப் படம் பார்த்த காலம் அது.

பிறகு கௌசிக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை நிருஜன். நல்ல வேலை, நல்ல குடும்பம். பிள்ளைகள் இரண்டு பேரும் கோப்பி குடிக்கப் போய், சந்தித்து, பிடித்தும் போயிற்று. கௌசி வீட்டுக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். இனி விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி.

விசாரிப்பு என்பது நம் ஆட்களிடம் ஒரு தனிக் கலை. மாப்பிள்ளை பகுதி, பெண் வீட்டைத் தெரிந்த நாலு பேருக்குக் கோல் எடுக்கும். எடுத்தவரும் நேரே கேட்கமாட்டார், சொல்பவரும் நேரே சொல்லமாட்டார். "நல்ல ஆக்கள், நல்ல ஆக்கள்" என்று இரண்டு தரம் வந்தால் நாள் குறிக்கலாம். ஒரு தரம் மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும். எதிர் வீட்டில் இருந்துகொண்டு "பெரிசாப் பழக்கமில்லை" என்றால் அதோடு கதை முடிந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று பெண் வீட்டார் ஒருநாளும் கேட்கக் கூடாது. கேட்டாலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

நிருஜன் வீட்டிலிருந்து சத்தம் நின்றது. பிறகு, மகனுக்கு இப்போது கலியாண யோசனை இல்லையாம் என்று வந்தது. கௌசி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது வெளியே கேட்டது. கொஞ்ச நாளில் லீட்ஸில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் வருவாள். போனில் கதைத்தால் சாப்பிட்டாயா, குளிரா என்பதோடு சரி.

சேர்ச்சில் ஒரு பெண் காதோடு காதாகச் சொன்னாள்: "உங்கட வீட்டில ஒரு அறை முழுக்கப் போத்தலாம் எண்டு அவையின்ர காதுக்குப் போயிட்டுதாம்."

பெனிற்றா கணக்குப் போட்டாள். அறையைப் பார்த்தது யார்? ஒருத்திதான். விசாரிக்க எல்லாரும் கோல் எடுப்பது யாருக்கு? அவளுக்குத்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நேரே போய்க் கேட்டிருக்கலாம். நம் ஆட்கள் கேட்பதில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல வசந்தமலருக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். அவள் கொண்டுவந்த பற்றிஸை வாங்கித் தின்று, உறைப்புக் காணாது என்று பகிடியும் விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

வெகு காலமாக அவளுக்குக் கிடைக்காத ஒரு ராசா அந்த வருடம்தான் கிடைத்தான். யாரோ ஒரு பணக்காரனின் பிறந்தநாள். இரண்டு வெயிட்டர்கள் நெபுகத்னேசரைக் குழந்தை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு வந்தார்கள். அத்தனை பெரியதை உறிஞ்சிக் குடித்து முடிக்க ஆளில்லாமல் பாதிக்கு மேல் வாஷ்பேசினுக்குள் போனது. அடுத்த நாள் பெனிற்றா மரக்கறி வாங்கப் போகிற சில்லு வண்டிலைக் கொண்டுபோய், அதை ஏற்றி, நோர்தேர்ன் லைனில் கடைசி ஸ்டேஷன் வரை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரயில் பெட்டிக்குள் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அவளும் காட்டினாள்.

"இஞ்ச இரும் வசந்தமலர்," என்று அதைச் சின்ன அறையின் நடுவில் நிறுத்தினாள். "உமக்கெண்டு பெரிசாப் பாத்துக் கொண்டந்தனான்."

செபமாலைமுத்து கதவடியில் நின்று பார்த்தார். "உமக்கென்ன விசரே? அந்தப் பிள்ளை எங்களுக்கு என்ன செய்தது?"

"நீங்கள் போய்ச் செபமாலை சொல்லுங்கோ," என்றாள் பெனிற்றா.

காத்திருந்தாள். வருடங்கள் போயின. வசந்தமலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. சளி, காய்ச்சல்கூட மற்றவர்களுக்குத்தான் வந்தது. தக்ஷிகா படித்து மருந்தாளராக வந்தாள். வசந்தமலர் வீட்டுக்கு மேல்மாடி எடுத்துக் கட்டினாள். நெபுகத்னேசர் அசையாமல் நின்றான். அவனைத் தூசு தட்டத் தட்டப் பெனிற்றாவுக்கு நெஞ்செரிந்தது. கடவுளுக்கு வேலை கூடிப் போய் இதை மறந்துவிட்டாரோ என்றுகூட யோசித்தாள்.

போன மாசியில் ஒரு பின்னேரம் கோல் வந்தது.

"வணக்கம் அக்கா. நான் ஈஸ்ட் ஹாமில இருந்து புனிதா கதைக்கிறன். குறை நினைக்காதேங்கோ. எங்கட மகனுக்கு மோர்டனில ஒரு இடம் பேசி வந்திருக்கு. வசந்தமலர் எண்டு, அவவின்ர மகள் தக்ஷிகா. நீங்கள் அவையளோட நல்ல பழக்கம் எண்டு சொல்லிச்சினம்."

பெனிற்றா அடுப்பை நிறுத்தினாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இத்தனை காலம் தன் கையால் ஒன்றும் செய்ததில்லை என்ற பெருமை ஒரு கணம் நினைவுக்கு வந்தது. வந்த வழியே அதை அனுப்பிவிட்டாள். காத்திருந்தது போதும்.

"வசந்தமலரோ..." என்று இழுத்தாள். "ஓம், சேர்ச்சில காணுறனான். பெரிசாத் தெரியாது."

மறுமுனை கொஞ்சம் தடுமாறியது. "பக்கத்துத் தெரு எண்டு சொல்லிச்சினம்..."

"பக்கத்துத் தெருதான்."

"பாட்டுக் குழுவிலயும் ஒண்டா..."

"தங்கச்சி," என்றாள் பெனிற்றா, குரலைத் தாழ்த்தி, மிகவும் இரக்கமாக. "எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நான் உதுக்குள்ள வர விரும்பேல்லை. நீங்கள் வேற ஆரையும் கேளுங்கோ."

புனிதாவுக்கு விளங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு பொய் சொல்லவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, ஒரு குடும்பத்தின் கழுத்தை நெரித்தாயிற்று. பெனிற்றாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்று ஃபிரீசரில் இருந்த நண்டையெல்லாம் எடுத்துக் கறி வைத்தாள். என்ன விசேசம் என்று செபமாலைமுத்து கேட்டார். சும்மா, வாய்க்கு ருசியாய்ச் சாப்பிட்டுக் கனகாலம் என்றாள்.

பிறகு வந்த ஒரு ஞாயிறு தக்ஷிகா பாட்டுக் குழுவுக்கு வரவில்லை. பூசை முடிந்து தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் வசந்தமலர் பெனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்து கிடந்தது.

"சரிவரேல்லை அக்கா. எல்லாம் பேசி முடிஞ்ச மாதிரித்தான் இருந்தது. பிள்ளைக்கு அந்தப் பெடியனை நல்ல விருப்பம். இப்ப அறையை விட்டு வெளியில வாறாள் இல்லை."

"கடவுள் பாத்துக்கொள்ளுவார் வசந்தி," என்று பெனிற்றா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் தித்தித்தது. கௌசி குளியலறையில் அழுத அழுகைக்கு இதோ விலை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நெபுகத்னேசரை உடைக்கிற நாளாக ஒரு சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தாள். செபமாலைமுத்து கடைக்குப் போயிருந்தார். போத்தலைப் படி படியாக உருட்டி இறக்கி, பின்வளவில் படுக்கை விரிப்பில் சுற்றி, சுத்தியலை ஓங்கி ஒன்று போட்டாள். சுத்தியல் துள்ளித் திரும்பி வந்து அவள் முழங்காலில் பட்டது. இன்னொன்று போட்டாள். சம்பேனின் காற்றைத் தாங்குவதற்கென்று வார்த்த கண்ணாடி, கல் மாதிரிக் கிடந்தது. அவள் மூச்சு வாங்க நின்ற நேரம் பக்கக் கேட் திறந்தது. கௌசி.

சொல்லாமல் வந்திருந்தாள். முகத்தில் பல வருடங்களாகக் காணாத ஒரு வெளிச்சம். "அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"நீ எப்பிடி வந்தனி? வா, வா. ஒண்டுமில்லை, குப்பை."

"நேரில சொல்லுவம் எண்டு வந்தனான். கனடாவில இருக்கிற ஒரு பெடியனைக் கட்ட நான் ஓகே எண்டு சொல்லிட்டன். அவரோட நாலு மாசமாக் கதைச்சுக்கொண்டிருக்கிறன். அப்பாவுக்குத் தெரியும். உங்களுக்கு ஷுவர் ஆன பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

பெனிற்றாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளைக் கட்டிப் பிடித்தாள். முகத்தைத் தடவினாள். எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்கிறதே என்று வாய் நிறைந்து போயிற்று. நிறைந்த வாயை அவளால் மூட முடியவில்லை.

"உன்னை அழ வைச்சவளுக்கும் நான் குடுத்திட்டன் பிள்ளை," என்றாள். "வசந்தமலரின்ர மகளுக்குப் பேசி வந்த இடம் என்னட்ட விசாரிச்சுது. தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். அதோட முடிஞ்சுது."

கௌசியின் முகத்தில் ஈயாடவில்லை. "தக்ஷியின்ர கலியாணமா? அதை நீங்களா?"

"அவள் உனக்குச் செய்ததுக்கு."

"அம்மா, ஆன்டி எனக்கு ஒண்டும் செய்யேல்லை." கௌசி புல்லில் கிடந்த போத்தலைப் பார்த்தாள். "போத்தல் கதையை நிருஜனுக்குச் சொன்னது நான். கோப்பி குடிக்கேக்க சும்மா ஃபன்னியாத்தான் சொன்னனான். எங்கட அம்மா கோவம் வந்தால் ஆக்களுக்குப் போத்தல் வைப்பா, அவைக்கு ஏதாவது நடந்தால் உடைப்பா எண்டு. அவனும் சிரிச்சான். போய்த் தாய்க்குச் சொன்னான். அவ சிரிக்கேல்லை. மருமகன் எண்டு போனால் அவனுக்கும் ஒண்டு வைப்பா, அந்த வீடு வேண்டாம் எண்டிட்டா. வசந்தி ஆன்டி எங்களைப் பற்றி அரை மணித்தியாலம் நல்லாச் சொன்னவ. அதையும் நிருஜன்தான் எனக்குச் சொன்னவன்."

பெனிற்றா சுத்தியலைக் கீழே வைத்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை? இவ்வளவு காலமா?"

"சொன்னால் எனக்கும் ஒண்டு வைப்பீங்கள் எண்டு பயம்."

பகிடி விடுகிறாளோ என்று பெனிற்றா மகளின் முகத்தைப் பார்த்தாள். இல்லை. பெற்ற பிள்ளை உண்மையாகவே பயந்திருக்கிறாள். உடனே வந்த கோபம் நிருஜனின் தாய் மேல். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர், எந்த அளவில் ஒன்று என்று மனம் பழக்கத்தில் ஓடியது. ஓடியதைக் கண்டு அவளுக்கே வெட்கமாயிருந்தது.

கௌசி மெதுவாகத் தொடர்ந்தாள். "இப்ப என்ன செய்யிறது? கனடா ஆக்கள் விசாரிக்கக் கேட்டவை. நான்தான் அப்பாட்டச் சொல்லி வசந்தி ஆன்டியின்ர நம்பரைக் குடுக்கச் சொன்னனான். எங்களைப் பற்றி நல்லாச் சொல்ல அவதானே இருக்கிறா."

இதற்குப் பிறகு பெனிற்றா யோசித்தது தக்ஷிகாவைப் பற்றி என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது உண்மையல்ல. தக்ஷிகாவின் நினைவு பஸ் ஏறிய பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். புனிதா வசந்தமலரிடம் சொல்லியிருப்பாளோ? சொல்லமாட்டாள், விசாரிப்பில் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால்? உடனே போக வேண்டும். புனிதாவுக்கு மறுபடி கோல் எடுத்து நல்லபடி சொல்லலாம் என்று பார்த்தால், ஒரு தரம் தெரியாது என்றவள் மறுநாள் புகழ்ந்தால் யாரோ கையில் காலில் விழுந்து சொல்ல வைத்திருக்கிறார்கள் என்றுதான் எடுப்பார்கள். அந்தக் கதவை அவளே நன்றாகச் சாத்தியிருந்தாள். கௌசியின் கலியாணத்தையாவது காப்பாற்ற வேண்டும். வீட்டில் இருந்த கேக்கை வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பக்கத்துத் தெருவுக்கு ஏன் பஸ் என்றால், முழங்காலில் பட்ட சுத்தியலடி அப்போதுதான் வேலை காட்டத் தொடங்கியிருந்தது.

வசந்தமலர் கதவைத் திறந்தாள். "வாங்கோ அக்கா," என்றாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. குசினிக்குள் கூட்டிப் போய் இருத்தினாள். மேலே தக்ஷிகா நடக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வரவில்லை.

"பிள்ளை எப்பிடி இருக்கிறா?"

"இருக்கிறாள்." வசந்தமலர் கேத்திலைப் போட்டாள். "கௌசி வந்திருக்கிறா போல. கடைக்குப் போகேக்க கண்டனான். நல்ல வடிவா இருக்கிறா."

பெனிற்றா கேக் டப்பாவை மேசையில் வைத்தாள். "வசந்தி, நான் உம்மட்ட ஒண்டு சொல்ல வேணும். நான் பிழையா நினைச்சு..."

"ஈஸ்ட் ஹாம் விசயமோ?" வசந்தமலர் திரும்பாமலே கேட்டாள். "எனக்குத் தெரியும் அக்கா. புனிதா நேரில வந்து சொன்னவ. 'உங்களோட இவ்வளவு பழகின மனுசியே தெரியாது எண்டு சொல்லுறா, அப்ப நாங்கள் என்னெண்டு நம்புறது' எண்டு கேட்டவ. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. அதுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பக்கத்தில நிண்டு பாடினனான். நீங்கள் எப்பிடி நிண்டு பாடுறீங்கள் எண்டு பாக்கத்தான்."

பெனிற்றா தலையைக் குனிந்தாள். இந்தப் பெண்ணுக்கும் காத்திருக்கத் தெரியும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தனக்கு மட்டும் வாய்த்த திறமை என்றல்லவா இருந்தாள். "மன்னிச்சுக்கொள்ளும்," என்றாள். "என்ன எண்டாலும் என்னைச் செய்யும். கௌசியை மட்டும் விட்டிடும். கனடாவில இருந்து அவையள் உமக்குக் கோல் எடுப்பினம்."

"காலமை எடுத்தவை."

கேத்தில் கொதித்து அடங்கியது. வசந்தமலர் தேத்தண்ணியை ஊற்றி, சீனி போட்டு, பெனிற்றாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"என்ன சொன்னனீர், வசந்தி?"

"கௌசியைப் பற்றிக் கேட்டவை. தங்கமான பிள்ளை, என்ர மடியில வளந்தவள், ஒரு குறையும் சொல்ல ஏலாது எண்டு சொன்னன். அவளுக்கு நான் பொல்லாப்பு நினைக்கேல்லை." வசந்தமலர் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கேக்கை எடுத்தாள். "பிறகு தாய் எப்பிடி எண்டு கேட்டவை."

மேலே நடக்கிற சத்தம் நின்றிருந்தது.

"எனக்கு அந்த மனுசியைத் தெரியாது எண்டு சொன்னன்," என்றாள் வசந்தமலர். "பொய்யே அக்கா?"